அன்று பி.டி. கத்தரியை எதிர்த்துக் கோஷம் போட்ட மாமா இன்று அதன் விதையைத் தேடுகிறார்

பாலாற்றங்கரை

2010 பிப்ரவரியில் பெங்களூருக்குப் போன பஸ்ஸில் என் மடியில் ஒரு சாக்குப் பை. உள்ளே இலவம்பாடி முள்ளுக் கத்தரி, ஐந்து கிலோ. காம்பு முள் சாக்கைத் தாண்டித் தொடையில் குத்திக்கொண்டே வந்தது. பக்கத்து இருக்கையில் தாய்மாமா. அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் பி.டி. கத்தரி (புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடியே உண்டாக்கும்படி பாக்டீரியா மரபணு ஏற்றிய கத்தரி) குறித்து ஏழு நகரங்களில் கருத்துக் கேட்டாரே, அதில் பெங்களூர் கூட்டத்துக்குத்தான் போனோம். பேச வாய்ப்புக் கிடைக்கவில்லை. வாசலில் நின்று தொண்டை கட்டும் வரை கோஷம் போட்டுவிட்டு, கொண்டுபோன காயை அங்கிருந்தவர்களுக்கே பங்கிட்டுக் கொடுத்துவிட்டு இரவு பஸ் பிடித்தோம். பிப்ரவரி 9-ஆம் தேதி நிறுத்திவைப்பு அறிவிப்பு வந்ததும் மாமா கேசரி கிண்டித் தெருவுக்கே கொடுத்தார்.

போன வாரம் அதே மாமா தொலைபேசியில் கேட்கிறார்: "வங்காளதேசத்தில் புழு விழாத கத்தரி போடுகிறார்களாமே. அந்த விதை இங்கே எங்கேயாவது கிடைக்குமா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது. அவருடைய தோட்டத்தைப் பார்த்தால் அவர் கேட்பதில் தவறு தெரியாது. வாரத்துக்கு இரண்டு முறை மருந்து அடிக்கிறார். இன்று அடித்த காய் நாளை மறுநாள் சந்தைக்குப் போகிறது. வீட்டுச் சமையலுக்கு மட்டும் கிணற்றடியில் நான்கு செடி தனியாக, மருந்து படாமல். அந்த நான்கு செடியிலும் பத்துக் காயில் ஆறு சொத்தை.

எனக்கும் பழைய கோபம் இல்லை. அது தெளிவா, களைப்பா என்று தெரியவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி மாறியிருக்கிறதா? ஏன் மாறியது என்று எழுதுங்கள்.

நுண்ணோக்கி

உங்கள் மாமா கேள்விப்பட்டது சரிதான். வங்காளதேசம் 2013 அக்டோபரில் நான்கு பி.டி. கத்தரி ரகங்களுக்கு அனுமதி கொடுத்தது. 2014 ஜனவரியில் வேளாண் அமைச்சர் மதியா சௌத்ரி 20 விவசாயிகளுக்கு நாற்று கொடுத்துத் தொடங்கிவைத்தார். இப்போது பல ஆயிரம் பேர் பயிரிடுகிறார்கள். பூச்சிமருந்துச் செலவு கணிசமாகக் குறைந்ததை அங்கு நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. தண்டையும் காயையும் துளைக்கும் அந்த ஒரு புழுவுக்குத்தான் அது. அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் மருந்து அடித்துத்தான் ஆக வேண்டும். மாமாவிடம் இதையும் சொல்லிவிடுங்கள்.

ஆனால் அந்த விதை இந்தியாவில் சட்டப்படி கிடைக்காது. 2019-இல் ஹரியானாவின் ஃபதேஹாபாத்தில் ஒரு வயலில் திருட்டுத்தனமாகப் பயிரிட்டிருந்ததைக் கண்டுபிடித்துச் செடிகளை அழித்தார்கள். தயவுசெய்து அந்த வழியில் போக வேண்டாம்.

மக்கள் மனம் பெரிதாக மாறிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. பியூ ஆய்வு மையம் 20 நாடுகளில் கேட்டு 2020-இல் வெளியிட்ட கணக்கில், மரபணு மாற்று உணவு பாதுகாப்பற்றது என்றவர்கள் நடுமதிப்பாக 48 சதவீதம், பாதுகாப்பானது என்றவர்கள் 13 சதவீதம். தனக்குப் போதுமான அளவு தெரியாது என்றவர்கள் 37 சதவீதம். நான் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவன். எனக்கு வலிப்பது அந்த 48 அல்ல, 37. இத்தனை ஆண்டுகளில் அவர்களிடம் நாங்கள் போய்ப் பேசவே இல்லை.

பருத்திக்கொல்லை

பெரம்பலூர் பக்கம். மூன்று ஏக்கர் மானாவாரி, பருத்தியும் மக்காச்சோளமும்.

பி.டி. பருத்தி 2002-இல் அனுமதி பெற்றது. எங்கள் ஊருக்கு வந்து சேர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆயின. அதற்கு முன்பு பச்சைக் காய்ப்புழு விழுந்தால் மருந்து டேங்கைத் தோளிலிருந்து இறக்கவே முடியாது. அப்பா மருந்து அடித்துவிட்டு வந்து வாசலில் வாந்தி எடுத்த இரவுகள் எனக்கு நினைவிருக்கின்றன. புது விதை போட்ட முதல் ஆண்டு, புழுவுக்கென்று ஒரே ஒரு தடவை அடித்தோம். அப்பா நம்பாமல் தினமும் காலையில் போய்க் காயைப் பிய்த்துப் பிய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த 450 கிராம் பாக்கெட்டோடு 120 கிராமில் இன்னொரு சின்னப் பாக்கெட் வரும். புகலிடப் பயிர் விதை. அது சாதா பருத்தி, வயலைச் சுற்றி நட வேண்டும். நஞ்சு தின்னாத புழு அங்கே வளர்ந்து, நஞ்சைத் தாங்கப் பழகிய புழுவோடு கலந்தால்தான் எதிர்ப்புத் தன்மை பரவாது என்பது கணக்கு. இதை எங்களுக்கு யார் சொன்னார்கள்? கடைக்காரர் "அது சும்மா" என்றார். அம்மா அதைக் கிழித்து ஆட்டுக்குப் போட்டுவிட்டார். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். புழுவுக்குச் சோறு போட எவன் தன் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்குவான்? இப்போது இரண்டையும் ஒரே பாக்கெட்டில் கலந்தே கொடுக்கிறார்கள். குதிரை ஓடிய பிறகு லாயத்தைப் பூட்டிய கதை.

பிறகு ரோஸ் புழு வந்தது. வெளியே காய் அழகாக இருக்கும், வெடித்தால் உள்ளே பஞ்சு கறுத்துக் கிடக்கும். இரண்டு பி.டி. மரபணு போட்டு வந்த புது விதைக்கும் அது பழகிவிட்டது. மறுபடியும் டேங்க் தோளுக்கு வந்தது.

மனம் மாறியதா என்று கேட்டால், எனக்கு இரண்டு தடவை மாறிவிட்டது. முதலில் பயந்தேன், அப்புறம் கும்பிட்டேன், இப்போது அது ஒரு விதை, அவ்வளவுதான். 2018-இல் மக்காச்சோளத்தில் அமெரிக்கப் படைப்புழு விழுந்து குருத்தையே தின்றபோது, இதற்கும் பி.டி. கொடுத்தால் என்ன என்று கூட்டுறவுச் சங்கத் திண்ணையில் பேசாதவன் கிடையாது.

மளிகைக்கடை

வாங்குகிறவர்கள் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. கடையில் ரெட் லேடி பப்பாளி வைத்திருக்கிறேன். வருகிற பத்துப் பேரில் மூன்று பேர் "இது ஜீன் மாற்றியதுதானே?" என்று கேட்டுவிட்டு முகம் சுளிக்கிறார்கள். அது தைவானிலிருந்து வந்த ஒட்டு ரகம். இரண்டு ரகங்களைக் கலந்து செய்த வீரிய விதை, அவ்வளவுதான். விதையில்லாத திராட்சையைப் பார்த்தாலும் அதே கேள்வி. நாட்டுத் தக்காளி அல்லாத எல்லாத் தக்காளியும் அவர்களுக்கு ஜீன் தக்காளி.

ஆனால் அதே ஆள் அடுத்த நிமிடம் சோயா எண்ணெய் இரண்டு லிட்டர் எடுத்துப் போவார். அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் விளையும் சோயா ஏறக்குறைய முழுவதும் மரபணு மாற்றியதுதான். அங்கிருந்து கப்பல் கப்பலாக எண்ணெய் வருகிறது. 2021-இல் கோழித் தீவன விலை ஏறியபோது மத்திய அரசே 12 லட்சம் டன் மரபணு மாற்று சோயாப் புண்ணாக்கை இறக்க அனுமதித்தது. அதைத் தின்ற கோழியை நாம் தின்றோம். நான் யாரையும் பயமுறுத்தவில்லை. பயப்படுகிறவர்களும் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று தெரியாமல்தான் பயப்படுகிறார்கள்.

நுண்ணோக்கி

சின்னத் திருத்தம், மளிகைக்கடை அவர்களே. சுத்திகரித்த எண்ணெயில் புரதமும் மரபணுவும் மிச்சமிருப்பது அரிது. பயப்பட அதில் ஒன்றும் இல்லை என்பதற்காகச் சொன்னேன். மற்றபடி நீங்கள் சொன்ன பப்பாளிக் கதையை எங்கள் துறை வகுப்பில் சொல்லப் போகிறேன். ஹவாயில் 1998-இல் வந்த ரெயின்போ பப்பாளிதான் உண்மையான மரபணு மாற்றுப் பப்பாளி. வளையப்புள்ளி வைரஸ் தோட்டங்களைக் காலி செய்தபோது அதுதான் அந்தத் தீவின் பப்பாளியைக் காப்பாற்றியது. அதை உருவாக்கியது பொது நிதியில் இயங்கிய ஆய்வாளர்கள். அதற்கும் எதிர்ப்பு இருந்தது என்பது வேறு.

விதைக்கோட்டை

படித்துக்கொண்டே வந்தேன். எல்லோரும் மெதுவாக ஒரே பக்கம் சாய்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

நம்மாழ்வார் ஐயா கூட்டங்களில் உட்கார்ந்து வளர்ந்தவன் நான். அவர் 2013 டிசம்பர் 30-இல் இறந்தபோது அத்திவெட்டிக்கு ஓடினேன். அவருடைய பேச்சில் எனக்கு ஒட்டிக்கொண்டது மரபணு பற்றிய பயமே அல்ல. விதை யார் கையில் இருக்கிறதோ அவர்கள் கையில்தான் உழவன் இருப்பான் என்ற கணக்குதான். பருத்தியில் அது நடந்ததா இல்லையா? பருத்திக்கொல்லை அண்ணன் நேர்மையாகச் சொல்லட்டும். இன்று அவர் ஊரில் நாட்டுப் பருத்தி விதை ஒரு படி கிடைக்குமா? இந்தியப் பருத்தி நிலத்தில் 90 சதவீதத்துக்கு மேல் பி.டி. ஒட்டு ரகம். தொடக்கத்தில் ஒரு பாக்கெட் 1,600 ரூபாய்க்கு மேல் விற்றது. ஆந்திர அரசு வழக்குத் தொடுத்த பிறகுதான் 2006-இல் 750-க்கு இறங்கியது. விலையைக் குறைக்க ஒரு மாநில அரசே வழக்காட வேண்டியிருந்தது.

மகசூல் கணக்கையும் பாருங்கள். 2002-க்கு முன் ஹெக்டேருக்கு ஏறக்குறைய 300 கிலோ பஞ்சு. 2007-08-இல் 550-ஐத் தொட்டது. பிறகு மருந்து, உரம், விதை எல்லாம் கூடியும் 450 சுற்றிலேயே நொண்டுகிறது. நாகபுரி மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் முன்னாள் இயக்குநர் கே.ஆர். கிராந்தி, அமெரிக்க மானுடவியலாளர் கிளென் ஸ்டோனோடு சேர்ந்து 2020-இல் எழுதிய கட்டுரையில், அந்த ஏற்றத்துக்குக் கூடுதல் உரமும் பாசனமும் பெரிய காரணம் என்கிறார். அவர் ஒன்றும் எங்களைப் போல் துண்டு போட்ட ஆள் இல்லை.

இந்தச் சலிப்பை மனமாற்றம் என்று பெயர் சூட்டாதீர்கள். மாமா களைத்துப்போனார் என்றால், அவரைக் களைக்க வைத்தது யார் என்று கேளுங்கள்.

சிவப்புக்கொடி77

இரண்டரை லட்சம் விவசாயிகளைத் தற்கொலை செய்ய வைத்த விதைக்கு இங்கே வக்காலத்தா? மலட்டு விதை கொடுத்து நாட்டை அடிமையாக்கிய கம்பெனிகளிடம் எவ்வளவு வாங்கினீர்கள்?

மட்டுறுத்துநர்

சிவப்புக்கொடி77, கருத்து இருக்கட்டும், கடைசி வரி வேண்டாம். இன்னொரு முறை எழுதினால் பதிவு நீக்கப்படும். மற்றவர்கள் தொடரலாம்.

நுண்ணோக்கி

பணம் வாங்கியிருந்தால் இந்த நேரத்தில் விடுதி உணவு சாப்பிட்டுக்கொண்டிருக்க மாட்டேன் தோழர். இரண்டு விஷயங்கள்.

மலட்டு விதை: விளைந்த விதை மறுபடி முளைக்காதபடி செய்யும் அந்தத் தொழில்நுட்பத்துக்கு 1998-இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். உலகெங்கும் எதிர்ப்புக் கிளம்பி, 1999-இல் அமெரிக்க விதைக் கம்பெனி மான்சாண்டோ அதை வணிகத்துக்குக் கொண்டுவர மாட்டோம் என்றது. எந்த வயலுக்கும் அது வரவில்லை. நம் பருத்தி விதையை மறு ஆண்டு போட முடியாததற்குக் காரணம் அது ஒட்டு ரகம் என்பது. மரபணு புகுத்தாத ஒட்டு விதையும் அப்படித்தான், மறு தலைமுறையில் குணம் சிதறிவிடும்.

தற்கொலை: வாரங்கல்லில் பருத்தி விவசாயிகள் கொத்துக்கொத்தாகச் செத்தது 1998. பி.டி. வந்தது 2002. கடன், போலி மருந்து, மழை, விலை என்று வேர்கள் வேறு. பி.டி. அவற்றைத் தீர்த்தது என்று சொல்லவில்லை, தீர்க்கவில்லை. பழியை விதை மேல் போட்டுவிட்டதால் கந்துவட்டிக்காரன் தப்பித்துக்கொண்டான் என்பதுதான் என் வருத்தம்.

விதைக்கோட்டை அண்ணனுக்கு: கிராந்தி சொல்வதற்கு மாறான ஆய்வுகளும் உண்டு. கதாகே, கைம் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில் பி.டி. பருத்தியால் ஏக்கருக்கு 24 சதவீதம் மகசூல் கூடியதாகக் கணக்கு. முதல் பத்து ஆண்டுகளை மட்டும் பார்த்தால் ஒரு கதை, இருபது ஆண்டுகளைப் பார்த்தால் வேறு கதை. இரு தரப்பும் பொய் சொல்லவில்லை.

ஆனால் உங்கள் வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. 2009 அக்டோபரில் மத்திய மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு அனுமதிக்கப் பரிந்துரைத்த கத்தரியில் தனியார் ஒட்டு ரகங்கள் மட்டுமா இருந்தன? கோவை வேளாண் பல்கலைக்கழகமும் தார்வாட் பல்கலைக்கழகமும் அதே மரபணுவை வாங்கித் தங்கள் சொந்த ரகங்களில் ஏற்றியிருந்தன. கோவையின் பட்டியல்: கோ 2, எம்.டி.யு. 1, கே.கே.எம். 1, பி.எல்.ஆர். 1. கோவை, மதுரை, கிள்ளிகுளம், பாலூர். நான்கும் ஒட்டு அல்லாத ரகங்கள். விதை எடுத்து வைத்து மறு ஆண்டும் போடலாம்.

பாலாற்றங்கரை

ஒரு நிமிடம். பாலூர் ரகமா? மறுபடியும் போடலாமா?

இது எனக்கு இன்றுவரை தெரியாது. பெங்களூர் வாசலில் நான் பிடித்திருந்த அட்டையில் "எங்கள் விதை எங்கள் உரிமை" என்று என் கையெழுத்தில் எழுதியிருந்தேன். விதையைக் கையில் வைத்துக்கொள்ள முடிகிற ஒன்றையும் சேர்த்துத்தான் நிறுத்தினோம் என்றால், நான் என்ன கேட்டேன், எனக்கு என்ன கிடைத்தது?

விதைக்கோட்டை

தம்பி, உடனே தலையில் அடித்துக்கொள்ளாதே. அந்த மரபணு யாருடையது? மகாராஷ்டிர விதைக் கம்பெனியான மஹிகோவுடையது, அதன் பின்னால் மான்சாண்டோ. பல்கலைக்கழகம் வாங்கியது இரவல். இன்று இலவசம், நாளை என்ன என்று எந்தத் தாளில் எழுதியிருந்தது? உள்ளூர்க் கத்தரி ரகங்களை அனுமதி கேட்காமல் எடுத்தார்கள் என்று 2011-இல் தேசிய பல்லுயிர் ஆணையமே சட்ட நடவடிக்கைக்கு முடிவெடுத்ததையும் நினைவில் வை. கத்தரி இந்த மண்ணின் பயிர், ஆயிரக்கணக்கான ரகம் இருக்கிற இடம் என்பதும் ஜெய்ராம் ரமேஷ் சொன்ன காரணங்களில் ஒன்று.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கோவை ரகங்களுக்கும் கம்பெனி ரகங்களுக்கும் இருந்த வித்தியாசத்தை எங்கள் மேடைகளில் நாங்கள் சொல்லவில்லை. சொன்னால் கூட்டம் குழம்பும் என்று நினைத்தோம். பெங்களூருக்கு ஆள் திரட்டியவர்களில் நானும் ஒருவன்.

பொன்னிவயல்

மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். இன்னும் 2010-லேயே நிற்கிறீர்களே. 2025 மே மாதம் மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌகான் இரண்டு மரபணுத் திருத்த நெல் ரகங்களை அறிவித்தார், கமலா என்றும் பூசா டி.எஸ்.டி. 1 என்றும். கமலா எதிலிருந்து வந்தது தெரியுமா? சம்பா மசூரியிலிருந்து. நம் ஊரில் ஆந்திரா பொன்னி என்று மூட்டை மூட்டையாக விற்கிறோமே, அந்த பி.பி.டி. 5204-தான். கதிரில் மணி எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் அதன் சொந்த மரபணு ஒன்றை வெட்டி அடக்கியிருக்கிறார்கள். வெளியிலிருந்து பாக்டீரியா மரபணு எதுவும் அதில் இல்லை.

எங்கள் ஊர் டீக்கடையில் இதைப் பற்றி ஒரு சண்டைகூட நடக்கவில்லை. 2006-இல் கோவைக்கு அருகே மரபணு மாற்று நெல் சோதனை வயலில் விவசாயிகள் இறங்கிப் பயிரைப் பிடுங்கிப் போட்டார்கள். இப்போது "எத்தனை நாள் வயது?" என்று மட்டும் கேட்கிறார்கள். இருபது நாள் முன்னதாக அறுக்கலாம் என்றதும், "மேட்டூர் தண்ணீர் தாமதமானால் உதவுமே" என்கிறார்கள். அரசு ஆராய்ச்சி நிலையம் செய்தது என்பதால் வந்த நம்பிக்கை என்று நினைக்கிறேன்.

விதைக்கோட்டை

அதே நெல்தான் எனக்குப் பெரிய கவலை. 2022 மார்ச்சில் மத்திய அரசு இந்த வகைத் திருத்தங்களுக்குப் பழைய உயிரிப் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டது. வெளி மரபணு இல்லை, ஆகவே பழைய சோதனை வரிசை தேவையில்லை என்கிறார்கள். சரி. வெட்டுகிற கத்தரிக்கோல் யாருடையது? மரபணுவை வெட்டித் திருத்தும் கருவியான கிரிஸ்பரின் காப்புரிமைகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிடமும் கம்பெனிகளிடமும் இருக்கின்றன. கத்தரிக்காயில் நான் கேட்ட அதே கேள்வி கத்தரிக்கோலாகத் திரும்பி வந்திருக்கிறது.

நுண்ணோக்கி

இந்தக் கேள்வியில் நான் உங்கள் பக்கம். விதிவிலக்கு கொடுத்ததும் தவறில்லை, சோதனைத் தரவுகளை எல்லோரும் பார்க்கும்படி வைக்காததுதான் தவறு. மரபணு மாற்றுக் கடுகு வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி நாகரத்னாவும் நீதிபதி சஞ்சய் கரோலும் அனுமதி செல்லுமா என்பதில் பிரிந்தார்கள். தேசியக் கொள்கை ஒன்று வேண்டும் என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள். தீபக் பெண்டல் குழு டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பொதுப் பணத்தில் உருவாக்கிய கடுகு அது. அரசு நிறுவனம் செய்தது என்பது மட்டும் போதாது என்பதற்கு அதுவே சாட்சி.

பருத்திக்கொல்லை

விதைக்கோட்டை அண்ணன் என்னிடம் நேராகக் கேட்டார், பதில் சொல்லாமல் விட்டால் மரியாதை இல்லை. நாட்டுப் பருத்தி விதை எங்கள் ஊரில் ஒரு படிகூடக் கிடைக்காது. அப்பா காலத்தில் கருங்கண்ணி போட்டதாகச் சொல்வார், நான் பார்த்ததில்லை. அதை ஒழித்தது பி.டி. அல்ல, அதற்கு முன்பே ஒட்டுப் பருத்தி வந்து ஒழித்துவிட்டது. பி.டி. வந்தது சவத்துக்கு மாலை போட.

இன்னொன்று. மகாராஷ்டிரத்தில் 2019 ஜூனில் அகோலா பக்கம் அகோலி ஜஹாங்கீர் என்ற கிராமத்தில், களைக்கொல்லி தாங்கும் அனுமதியில்லாத பருத்தியை ஷேத்கரி சங்கட்டனா என்ற விவசாயிகள் சங்கத்துக்காரர்கள் கூட்டம் கூட்டி வெளிப்படையாகவே நட்டார்கள். வேண்டாம் என்று பயிரைப் பிடுங்கியவனும் விவசாயி, வேண்டும் என்று சட்டத்தை மீறி நட்டவனும் விவசாயி. களை எடுக்க ஆள் கூலி என்ன என்று கேளுங்கள், அந்தப் பருத்தி ஏன் திருட்டுத்தனமாகப் பரவுகிறது என்று புரியும். இதைச் சொல்லும்போது என் மனைவிக்கு என் மேல் கோபம். களை எடுத்துச் சம்பாதிப்பது எங்கள் ஊரில் பெண்கள்தான்.

மளிகைக்கடை

அண்ணா, உங்கள் வீட்டம்மா எழுத வேண்டிய இழை இது. அவரை எழுதச் சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை

நேற்று இரவு மாமாவை அழைத்து, இங்கே படித்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். பாலூர் ரகம் பற்றிச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "விதை எடுத்து வைக்கலாம் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நான் பஸ் ஏறியிருக்க மாட்டேன்" என்றார். ஏறியிருப்பார். அவருக்குப் பெங்களூர் பார்க்க வேண்டும் என்றும் ஆசை இருந்தது.

பிறகு அவரே கேட்டார்: "முள்ளுக் கத்தரியில் அந்த மரபணுவைப் போட்டிருக்கிறார்களா?"

இல்லை என்றேன்.

"2023-இல் இலவம்பாடிக் காய்க்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். வேலூர்ச் சந்தையில் அதை முள் குத்தப் பார்த்துத்தான் வாங்குகிறான். நான் பாலூர்க் காயைக் கொண்டுபோனால் எவன் வாங்குவான்? எனக்கு வேண்டிய காயில் இல்லாத மருந்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறாயே" என்று போனை வைத்துவிட்டார்.

இன்று காலை புகைப்படம் அனுப்பியிருக்கிறார். கிணற்றடியில் நான்கு செடி எட்டாகியிருக்கிறது.

விதைக்கோட்டை

தம்பி, மாமாவுக்கு இனக்கவர்ச்சிப் பொறி பற்றித் தெரியுமா? அந்தத் துளைப்பான் புழுவின் ஆண் அந்துப்பூச்சி அதில் வந்து விழும். வாடிய குருத்தைப் பார்த்த உடனே கிள்ளி எரித்துவிட வேண்டும், அதில்தான் புழு இருக்கும். மருந்து முற்றாக நிற்காது, ஆனால் குறையும். அடுத்த ஞாயிறு ஆற்காடு வருகிறேன். முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்பு, நேரில் போய்க் காட்டுகிறேன்.

நுண்ணோக்கி

பொறி வைத்த பிறகு வாரத்துக்கு எத்தனை அந்துப்பூச்சி விழுகிறது என்று எண்ணி வைக்கச் சொல்லுங்கள். முடிந்தால் நானும் வருகிறேன். சாப்பாடு அந்த எட்டுச் செடியிலிருந்து என்றால்.